உப்புப் பார்ப்பது சாப்பாட்டில் சேராது

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் மூத்த நாத்தனார் வீட்டுக் கல்யாணப் பந்தியைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு நாத்தனார் அன்றைக்கே போன் செய்தார். "எங்க வீட்டுக் கதையெல்லாம் நல்லாத்தான் எழுதுற. எங்க, உன் வீட்டுக்காரரப் பத்தி எழுது பாப்போம்" என்றார். அந்த வீட்டுக்காரர் அவருடைய கூடப்பிறந்த தம்பி என்பதைக் கோபத்தில் மறந்துவிட்டார். சவால் விட்ட பிறகு நான் சும்மா இருப்பேனா?

சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி வாங்கியாயிற்று. "என்ன வேணாலும் எழுதிக்கம்மா. மசாலாப் பக்குவத்த மட்டும் எழுதிறாத" என்றார். திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை வைத்திருப்பவரிடம் இதைவிடப் பெரிய மனசை எதிர்பார்க்க முடியாது.

சத்தியமா ஒண்ணும் சாப்பிடல

கண் டாக்டரம்மாவின் அறை. ஏசி குளிரில் எனக்குக் கை விறைத்துக்கொண்டிருக்கிறது. இவர் அந்தக் கண் பார்க்கும் மெஷினில் தாடையை வைத்தவர், வைத்தபடியே இருக்கிறார். எடுக்கும்படி யாரும் சொல்லவில்லையாம். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"காதர் பாய், சர்க்கரை இறங்கவே இல்லையே. இந்த மூணு மாசமா என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலம்மா."

"மூணு மாசமாவா?"

"காலைல பாவக்கா ஜூஸ். மதியம் கடையில எதையும் தொட மாட்டேன். ராத்திரி இவ என்ன குடுக்குறாளோ அது. மாத்திரை ஒரு நாள் தவறல. சத்தியமா."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். புருஷனுக்கு ராத்திரியில் லட்டு ஊட்டுகிறவளைப் பார்க்கும் பார்வை அது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் இவர் பொய் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும்.

இவருக்குப் பொய் வராது. வியாபாரத்தில்கூட வராது. பார்சல் வாங்க வந்தவரிடம், "இன்னிக்குக் கறி கொஞ்சம் முத்தல். நாளைக்கு வாங்களேன்" என்று சொல்லி அனுப்பிய கடைக்காரர் பேகம்பூரில் இவர் ஒருத்தராகத்தான் இருப்பார். அப்பேர்ப்பட்டவர் சத்தியம் செய்கிறார், சர்க்கரையோ ஏறிக்கொண்டே போகிறது.

"ரெண்டு கண்ணுலயும் புரை முத்திக்கிட்டு வருது" என்றார் டாக்டரம்மா. "ரொம்பத் தள்ளிப் போட்டா ஆபரேஷனே சிரமமாயிடும். ஆனா இந்தச் சர்க்கரைய வச்சுக்கிட்டு நான் கண்ணுல கை வைக்க மாட்டேன். சீழ் பிடிச்சா பார்வை போயிரும். இன்னொரு மூணு மாசம் பாப்போம். அதுக்குள்ள இறக்கிட்டு வாங்க."

இவர் அப்போதுதான் மெஷினிலிருந்து தாடையை எடுத்தார்.

ஒரு சலாமும் ஒரு பொம்பளையும்

பார்வை மங்கியதில் ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

கடைத்தெருவில் கட்டியிருந்த கல்யாண பேனரைப் பார்த்து, "அஸ்ஸலாமு அலைக்கும், எப்ப வந்தீங்க மாப்ள?" என்று விசாரித்தார். பேனரிலிருந்து பதில் வராததால், இந்தக் காலத்துப் பையன்களுக்கு மரியாதை போய்விட்டது என்று வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வரும்போது வாராவாரம் வேறு வேறு செருப்பு. ஒரு வாரம் இரண்டும் இடது கால் செருப்பு.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம். நான் மருந்துக் கடைக்குப் போய்விட்டுச் சாலையைக் கடக்கிறேன். எதிரே இவர் ஸ்கூட்டரில் வருகிறார். நான் கையைக்கூட ஆட்டினேன். என்னை உரசுவது போல வந்து, கடைசி நொடியில் ஒடித்துத் திருப்பி, பேசாமல் போய்விட்டார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனார்.

வீட்டுக்கு வந்து சொன்னார்: "யாரோ ஒரு பொம்பள குறுக்க வந்துருச்சும்மா. நல்லவேளை, அடிக்காம தப்பிச்சேன்."

"அந்தப் பொம்பளைக்கு அறிவே இல்ல போல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பயம்தான் நின்றது. இந்த மனுஷனுக்கு இனி என் முகம் தெரியாமலே போய்விட்டால் என்ன செய்வது என்று அன்றைக்குத்தான் முதல்தடவையாக நினைத்தேன். அன்றிலிருந்து சர்க்கரை எனக்கு ஜென்ம விரோதி.

ரிஸ்வானாவின் ஆட்சி

என் மருமகள் ரிஸ்வானா கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். வீட்டிலிருந்தே வேலை. கெட்டிக்காரி. அவள் போனில் உலகத்தில் உள்ள அத்தனை உணவு நிபுணர்களும் குடியிருந்தார்கள்.

"மாமி, மாமாவ என்கிட்ட விடுங்க" என்றாள். விட்டேன்.

முதலில் பாகற்காய் ஜூஸ். இவர் அதை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். குடித்த பிறகு அரை மணி நேரம் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்.

அடுத்து சிறுதானியம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ரிஸ்வானா வரகரிசியில் பிரியாணி செய்து தட்டில் வைத்தாள். சீரகச் சம்பாவில் பிறந்து சீரகச் சம்பாவில் வளர்ந்த மனுஷன். ஒரு கவளம் வாயில் போட்டார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். "நல்லாத்தாம்மா இருக்கு" என்று மருமகள் மனம் நோகாமல் சொல்லிவிட்டு, என் காதருகே குனிந்து, "இத வெளியில யாருகிட்டயும் சொல்லிராதம்மா. கடைப் பேரு போயிரும்" என்றார்.

அப்புறம் சியா விதை. ராத்திரி ஊறவைத்துக் காலையில் பார்த்தால் தவளை முட்டை. அப்புறம் மாலை ஆறு மணிக்கு மேல் சாப்பிடக் கூடாது என்று ஒரு சட்டம். அப்புறம் சின்னத் தராசு ஒன்று வாங்கி, தோசையை நிறுத்துப் போட்டாள். "கறி நிறுக்குற எனக்கே எடை போட்டுத் தர்றியாம்மா" என்று அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டில் ஒரு வேளைக்கு மூன்று சமையல். மாமாவுக்குத் தனி, மகனுக்கும் மருமகளுக்கும் தனி, பேரனுக்குத் தனி. மாமா பாதியோடு எழுந்துவிடுவார். பேரன் கால்வாசியோடு எழுந்துவிடுவான். சாப்பாட்டை வீணாக்குவது எனக்குப் பிடிக்காத காரியம்.

இத்தனை செய்தும் ரிப்போர்ட்டில் இருந்த எண் அசையவில்லை. அதைத்தான் டாக்டரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசனையில் நிறைந்த வயிறு

நான் கல்யாணமாகி வந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

புது மாப்பிள்ளைக்கு மதியச் சோறு ஆக்கி வைத்துக் காத்திருப்பேன். மீன் குழம்பு வைப்பேன், முட்டை பொரிப்பேன். இவர் கடையிலிருந்து மூன்றரை மணிக்கு வருவார். சட்டியைத் திறந்து பார்ப்பார். "வயித்துல எடமே இல்லம்மா" என்று படுத்துவிடுவார். என் கைப்பக்குவம் பிடிக்கவில்லை என்று நினைத்து நான் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறேன்.

மாமியார் சமாதானம் சொன்னார். "அழாத புள்ள. கடைக்காரங்க எல்லாம் அப்படித்தான். அந்த வாசனையிலயே வயிறு நெறஞ்சிரும்."

வாசனையில் வயிறு நிறையும் என்பதை இத்தனை வருஷம் நான் நம்பிக்கொண்டிருந்தேன். பி.ஏ. வரைக்கும் படித்தவள்.

இன்னொன்று. வருஷத்தில் ஒரு தடவை மட்டும் இவருக்குச் சர்க்கரை இறங்கும். நோன்பு மாதம் முடிந்து எடுக்கிற பரிசோதனையில். எங்கள் வீட்டு நோன்பு திறப்பு சாமான்யமானதில்லை. நோன்புக் கஞ்சி, வடை, சமோசா, பேரீச்சை, ரோஸ் மில்க் எல்லாம் உண்டு. ராத்திரி சாப்பாடு தனி. இத்தனையும் சாப்பிட்டுச் சர்க்கரை இறங்குகிறது என்றால் அது அந்த மாதத்து பரக்கத், ஆண்டவன் அருள் என்று சொல்லி நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

பரக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு மாதம் மட்டும் பகலில் கடையில் என்ன நடக்கவில்லை என்று யோசித்திருக்கலாம். யோசிக்கச் சொல்லித்தான் ஆண்டவன் மூளையும் கொடுத்திருக்கிறான்.

வெங்காய மூட்டைக்குப் பின்னால்

டாக்டரம்மா பார்த்த பார்வை என் மனசை அறுத்துக்கொண்டே இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போனேன்.

எங்கள் வீட்டுப் பெண்கள் கடைக்குப் போகும் வழக்கம் இல்லை. வெங்காயம் உரிக்கும் பெண்களில் ஒருத்தி வரவில்லை என்று முதல் நாளே காதில் விழுந்திருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு போய், பின்கட்டில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தேன். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க வீட்லயே வந்து உரிக்குறாங்க பாரு" என்று எல்லோரிடமும் சொன்னார். நான் வேவு பார்க்க வந்தது தெரியாது.

சமையல் மாஸ்டர் பாண்டியை மட்டும் கூப்பிட்டு, ஒரு எவர்சில்வர் தட்டைக் கையில் கொடுத்தேன். "பாண்டி, உங்க பாய் வாயில எதப் போட்டாலும், அதே அளவு இந்தத் தட்டுல போட்டுருங்க. அவருகிட்ட மூச்சு விடக் கூடாது."

"ஏன் பாயம்மா? பாய்தான் ஒண்ணும் சாப்பிட மாட்டாரே" என்றார் பாண்டி. அவருக்கும் அதில் சந்தேகமே இல்லை.

பிரியாணிக் கடையில் உப்புப் பார்ப்பது முதலாளியின் வேலை. மாஸ்டர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், முதலாளி உப்புப் பார்த்துத் தலையை ஆட்டாமல் அண்டா முன்பக்கம் நகராது. எங்கள் மாமனார் காலத்திலிருந்து அப்படித்தான். இது எனக்குத் தெரியும். உப்பு என்றால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பது என்று நினைத்திருந்தேன்.

முதல் அண்டாவில் அரிசி போடுவதற்கு முன் மசாலாத் தண்ணீர் கொதித்தது. இவர் வந்து அரைக் கரண்டி மொண்டு உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சினார். தலையை ஆட்டினார். கறி வெந்துவிட்டதா என்று ஒரு துண்டு. எலும்போடு இருக்கிற கறி வெந்ததா என்று இன்னொரு துண்டு. எலும்பையும் விடவில்லை.

மூடி வைத்த தம் திறந்ததும் மேலிருந்து ஒரு கை சோறு. அப்புறம் அடியிலிருந்து ஒரு கை. "மேல ஒரு உப்பு நிக்கும், அடியில ஒரு உப்பு நிக்கும்" என்று பாண்டியிடம் விளக்கம் வேறு. பிரியாணிக்கு ஊற்றுகிற தால்சாவில் உப்பைத் தனியாகப் பார்த்தால் தெரியாதாம், அதற்குச் சோறு போட்டுப் பிசைந்து பார்த்தார். தயிர் வெங்காயம் புளித்துவிட்டதா என்று ஒரு கரண்டி. ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் சிக்கன் சுக்கா, அதிலும் காரம் பார்க்க வேண்டுமே.

அது முடிந்ததும் ஒரு டீ, முழுச் சர்க்கரையோடு. ஒரு உப்பு நாக்கில் நின்றால் அடுத்த உப்புத் தெரியாது, அதனால் டீயால் நாக்கைக் கழுவ வேண்டும். பிறகு இரண்டாவது அண்டா. மறுபடி தண்ணீர், கறி, மேல், அடி, டீ. ஞாயிற்றுக்கிழமை அண்டாக்கள் அதிகம்.

நடுவில் ஒரு வாடிக்கையாளர் இன்றைக்குக் காரம் தூக்கல் என்றார். "அப்படியா?" என்று உடனே ஒரு கை அள்ளிப் பார்த்து, "இல்லையே, சரியாத்தான இருக்கு" என்றார். சந்தேகம் தீர இன்னொரு கை. சூட்டைத் தணிக்க ஒரு சிறுமலை வாழைப்பழம். மலைப்பழத்தில் சர்க்கரை கிடையாது என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

என் கை வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. பக்கத்துப் பெண்கள் வெங்காயத்தால் என்று நினைத்தார்கள்.

யாரு பார்சல் இது?

கூட்டம் ஓய்ந்து இவர் பின்கட்டுக்கு வரும்போது மூன்று மணி இருக்கும். மூட்டைமேல் அந்தத் தட்டு இருந்தது. தட்டு என்றுதான் சொல்ல வேண்டும், விளிம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. சோற்றுக் குவியல், அதன்மேல் கறித் துண்டுகள், தால்சா, சுக்கா. வாழைப்பழம் பக்கத்தில் படுத்திருந்தது. டீ டம்ளர்கள் வரிசையாக நின்றன. பாண்டி மனுஷன் ஒரு பருக்கை ஏமாற்றவில்லை.

இவர் குனிந்து, மூக்கு சோற்றில் படும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"யாரு பார்சல் இது?" என்றார். "இம்புட்டையும் ஒருத்தரா திங்கப் போறாரு? ஆளு பயில்வானாத்தான் இருக்கணும்."

வெங்காயம் உரித்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாண்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்க பார்சல்தாங்க" என்றேன். "காலையில இருந்து நீங்க வாயில போட்டது."

"நானா? நான் ஒண்ணும் சாப்பிடலயேம்மா. உப்புல்ல பாத்தேன்."

"இது என்ன அப்ப?"

"நின்னுக்கிட்டு வாயில போடுறதெல்லாம் சாப்பாட்டுல சேராதும்மா. கை கழுவி, உக்காந்து, ஆண்டவன் பேரால பிஸ்மி சொல்லித் திங்கிறதுதான் சாப்பாடு."

"அப்ப பிஸ்மி சொல்லாமத்தான் இம்புட்டும் தின்னீங்களா?"

மாட்டிக்கொண்டார். "தம் திறக்கும்போது சொன்னேன்ல... அதுலயே சேந்துக்கும்."

நான் வீட்டிலிருந்து ஒரு பெரிய சண்டை தயார் செய்துகொண்டு போயிருந்தேன். இத்தனை வருஷத்துப் பாக்கியையும் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் இவர் மூட்டைமேல் உட்கார்ந்து, அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மங்கிய கண்ணுக்கு எவ்வளவு தெரிந்ததோ.

"நான் பொய் சொல்லலம்மா" என்றார்.

"தெரியும்ங்க."

"உப்புப் பாக்காம நான் எப்படிக் கடை நடத்துறது? கண்ணுதான் போச்சு. நாக்கு ஒண்ணுதான் மிச்சம் இருக்கு."

எனக்குச் சண்டை மறந்துவிட்டது.

வெஞ்சனத்துக்குச் சோறு

அதன்பிறகு நாங்கள் செய்ததைக் கேட்டால் உங்களுக்குச் சப்பென்று இருக்கும். அவ்வளவு சாதாரணம்.

உப்புப் பார்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. உள்ளங்கைக்குப் பதில் ஒரு தேக்கரண்டி. நாக்கைக் கழுவ டீக்குப் பதில் வெந்நீர். ஒரு வாரம் தேக்கரண்டியைத் தொலைத்துத் தொலைத்துத் தேடினார், பிறகு சட்டைப் பையிலேயே குடியேற்றிவிட்டார்.

காலையில் வெறும் பாகற்காய் ஜூஸைக் குடித்துவிட்டு, கொலைப் பசியோடு பிரியாணி அண்டாவுக்கு முன்னால் போய் நிற்கிற மனுஷன் என்ன செய்வார் பாவம்? ஜூஸை நிறுத்தினோம். எல்லோருக்கும் ஊற்றுகிற இட்லியில் இரண்டும், கிண்ணம் நிறையக் காய் போட்ட சாம்பாரும் சாப்பிட்டுப் போனார். வயிறு அடங்கியதும் நாக்கும் அடங்கியது.

மூன்று சமையல் ஒரு சமையல் ஆனது. அதே குழம்பு, அதே கறி. அளவு மட்டும் இடம் மாறியது. சோறு மலை போலவும் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் ஓரமாக ஒட்டிக்கொண்டும் இருந்த தட்டில், அவரைக்காயும் கீரையும் பாதி இடத்தைப் பிடித்தன. சோற்றுக்கு வெஞ்சனம் என்பது போய், வெஞ்சனத்துக்குச் சோறு என்று ஆகிவிட்டது.

சாணார்பட்டிப் பக்கமிருந்து கூடையில் காய் கொண்டுவரும் வெள்ளையம்மா, பாதிக் கூடையை எங்கள் வாசலிலேயே காலி செய்தார். "என்ன பாயம்மா, பிரியாணிக் கடைய மூடிட்டு மெஸ்ஸு ஆரம்பிக்கப் போறீகளா?" என்று கேட்டார்.

ஸ்கூட்டர் சாவியை மகன் வாங்கி வைத்துக்கொண்டான். அதனால் கடைக்குப் போக வர நடை. டாக்டர் சொன்ன நடைப்பயிற்சி அதிலேயே முடிந்தது. சியா விதையை ரிஸ்வானா முகத்தில் பூசிக்கொண்டாள். முகம் பளபளவென்று ஆனதாகச் சொன்னாள், நான் ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொன்னால் இவருக்கே சிரிப்பு வரும். தாடிக்கொம்புப் பக்கம் ஒரு நண்பர் வீட்டு விசேஷத்தில் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு, திருடன் போல வீட்டுக்குள் நுழைந்தார். பழைய ஆட்சியாக இருந்தால் இரண்டு நாள் பட்டினி போட்டிருப்போம். நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை வழக்கம் போல இட்லியை வைத்தேன். ஒரு வேளைதானே, போனால் போகிறது.

டாக்டரம்மா சொன்ன கெடு முடிந்து பரிசோதனைக்குப் போனோம். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"என்ன பாய் செஞ்சீங்க?"

"சாப்பிட ஆரம்பிச்சேம்மா" என்றார் இவர்.

கட்டுப் பிரித்த அன்று

ஒரு கண்ணுக்கு முதலில் ஆபரேஷன் நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். நான் எதிரே நின்றேன். நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். நடுரோட்டில் என்னை யாரோ பொம்பளை ஆக்கியவர், இன்றைக்கு என்ன சொல்லப் போகிறார் என்று அவர் வாயையே பார்த்தேன்.

இவர் கண்ணைச் சிமிட்டினார். சுவரைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா" என்றார், "நீ எப்ப இம்புட்டு குண்டான?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டார். டாக்டரம்மாவும் சிரித்தார். ஆனால் அவர் டாக்டர். சிரித்து முடித்ததும், "அம்மாவுக்கும் ஒரு தடவ சர்க்கரை பாத்துரலாமா?" என்று கேட்டார்.

பார்த்தார்கள். இருந்தது. நன்றாகவே இருந்தது.

"எனக்கா? நான் எங்க டாக்டர் சாப்பிடுறேன்?" என்றேன். "எல்லாரும் எந்திரிச்சப்புறம் சட்டியில ஒட்டிக்கிட்டு இருக்கறது, பேரன் வச்சுட்டுப் போற நெய் தோசை, இவரு பாதியில விட்ட வரகுச் சோறு, வீணாப் போகுதேன்னு..."

சொல்லும்போதே கடையில் மூட்டைமேல் இருந்த அந்தத் தட்டு என் கண்முன் வந்தது.

நான் செய்த கேலிக்கெல்லாம் சேர்த்து இவர் இப்போது பழி வாங்குவார் என்று காத்திருந்தேன். வாங்கியிருக்கலாம், அவ்வளவு நல்ல சந்தர்ப்பம். இவர் சிரிக்கவில்லை. "நீ மதியம் எத்தன மணிக்குச் சாப்பிடுவ?" என்று கேட்டார்.

இவர் எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவேன். என்னிடம் இந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. ஆட்டோவில் வரும்போது வெளியே பார்த்தபடி அழுதேன். எதற்கு அழுதேன் என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை.

இவர் மறுபடி கடைக்குப் போகத் தொடங்கிய வாரத்தில், ஒரு நாள் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால் போன் வந்தது. "கடைக்கு வா" என்றார். என்னவோ ஏதோ என்று பதறிப் போனேன்.

பின்கட்டில் ஒரு மேஜை துடைத்து வைத்திருந்தது. இரண்டு தட்டு. இரண்டிலும் ஒரு கை பிரியாணி, ஒரு துண்டு கறி, மீதி இடமெல்லாம் அவரைக்காய்ப் பொரியலும் வெள்ளரிக்காயும். அவரைக்காய் பாண்டி செய்ததாம். பிரியாணி மாஸ்டர் செய்த அவரைக்காயில் பட்டை, கிராம்பு வாசனை வந்தது.

"உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மதியச் சோறு சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. பிஸ்மி சொன்னோம். இவர் இரண்டாவது கவளம் எடுப்பதற்குள் என் தட்டு பாதி காலி.

இவர் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "ஏம்மா இப்படி அள்ளிப் போடுற? மெதுவா சாப்பிடு. யாரும் கூப்பிட மாட்டாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, முன்பக்கமிருந்து பாண்டி கூப்பிட்டார். "பாய், கூட்டம் நிக்குது, அண்டாவ முன்னால எடுத்துரலாமா?"

பழக்கத்தில் நான் எழுந்துவிட்டேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு முன்பக்கம் பார்த்து, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"செத்த நேரம் நிக்கச் சொல்லு பாண்டி. எங்க வீட்ல சாப்பிடுறாங்க."

கூட்டம் நின்றது. நான் மெதுவாகச் சாப்பிட்டேன்.